புதன்கிழமைக் குழம்பு

நெத்திலிக்குத் தலை கிள்ளுவதில் ஒரு வசதி, கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், மனசு எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். என் மனசு மத்தியானத்திலிருந்து ஏழாவது மாடிக்குப் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. நான் இருப்பது மூன்றாவது மாடி. நாலு மணிக்கு நான் மேலே ஏறிப் போய்ப் பொற்கொடி என்கிற பெண்ணின் கதவைத் தட்ட வேண்டும். போன புதன்கிழமையும் தட்டினேன், அதற்கு முந்தின புதனும் தட்டினேன், திறக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறாள், ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது, கதவுக்குக் கீழே நிழல் நகர்கிறது, ஆனாலும் திறக்கவில்லை. இன்றைக்கும் திறக்காவிட்டால், “விட்டுடலாம் தேசம்மா, அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்ல போல” என்று டிரஸ்ட் நடத்துகிற கௌசல்யா மேடம் சொல்லிவிட்டார். மேடம் சொல்வது நியாயம்தான், வேண்டாம் என்கிறவள் வாசலில் போய் நிற்கக் கூடாது. ஆனால் இஷ்டமில்லாமல் கதவைச் சாத்துகிறவளும் உண்டு, இஷ்டத்தை எங்கேயோ வைத்துவிட்டுத் தேட முடியாமல் சாத்துகிறவளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கதவுதான். எனக்குத் தெரியும், நான் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். பூனை ஒன்று வாசலில் வந்து உட்கார்ந்து என் கையையே பார்க்கிறது. போ, உனக்குத் தலை மட்டும்தான்.

இந்த வேலைக்கு எங்கள் டிரஸ்டில் வைத்திருக்கிற பெயர் வழித்துணை. கட்டடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, புதன்கிழமைக்காரி என்பார்கள். வாரத்துக்கு ஒரு தரம், ஒரு வருஷத்துக்கு, ஒரே ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய் அவளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். காசு கொடுக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, அங்கே எதையும் சாப்பிடக் கூடாது, முக்கியமாகக் கையில் எதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இதைப் பயிற்சியில் சொன்னபோது மற்ற பெண்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு வீட்டுக்கு முதல்முதலாகப் போகிறோம், ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்காமல் எப்படிப் போவது, கையை எங்கே வைத்துக்கொள்வது. எனக்கும் அதே கஷ்டம்தான், போன வாரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதற்கு முந்தின வாரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், கடன் வசூலிக்க வந்தவள் மாதிரி இருந்திருப்பேன். ஆனால் அந்த விதியை மட்டும் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அது என்னால் வந்தது, ரெபேக்காவால் வந்தது, ஒரு பிஸ்கட் பாக்கெட்டால் வந்தது.

ரெபேக்கா. இந்தப் பெயரை மனசுக்குள் சொன்னாலே மூக்கில் அவள் பூசிக்கொண்டு வருகிற பவுடர் வாசம் வந்துவிடும். என்னைவிடப் பதினைந்து வயசாவது சின்னவள். பக்கத்துக் கட்டடம். எங்களுக்கு முன்னாலேயே அவர்களை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள், அதனால் இந்த இடத்தில் இருப்பது எப்படி என்று அவளுக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. எங்களைக் குடிசையை இடித்துக் கால்வாய்க் கரையிலிருந்து கொண்டுவந்தார்கள். அங்கே இருந்த வீட்டைப் பற்றி ஏங்குகிறதற்கு ஒன்றுமில்லை, மழை வந்தால் கட்டிலுக்கு மேலே கட்டில் போட்டு உட்கார்ந்திருப்போம், கொசு பிய்த்துத் தின்றுவிடும். ஆனால் அங்கே யாரும் யாரையும் இன்னா கொயம்பு என்று கேட்க வேண்டியதில்லை, மூக்குக்கே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். இங்கே வந்து சேர்ந்த அன்று கதவைச் சாத்தினேன், தடித்த கதவு, சாத்தியதும் ஒரு சத்தமும் இல்லை, ஒரு வாசமும் இல்லை. முதலில் நன்றாகத்தான் இருந்தது. சொந்தக் கதவு, சொந்தக் குழாய். நான் வேலை செய்த வீடுகள் எல்லாம் பட்டணத்துக்குள்ளே, இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் அவர்கள் பாத்திரத்தை அவர்களே கழுவிவிட்டார்கள், ஒவ்வொரு வீடாக வேலை போனது. எங்கள் வீட்டுக்காரர் கட்டட வேலை நடக்கிற இடத்திலேயே காவலுக்குத் தங்கிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை வருவார், தூங்குவார், போவார். மகள் கல்யாணமாகிச் செங்குன்றத்தில். காலையில் எழுந்தால் எழுந்ததற்கு ஒரு காரணம் இருக்காது. அப்படியே படுத்திருந்தேன். ஒரு நாள் படுத்தால் உடம்பு சரியில்லை என்பார்கள், மாசக்கணக்கில் படுத்தால் திமிர் என்பார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள், தேசம்மாவுக்கு மாடி வீடு வந்ததும் மப்பு வந்துடிச்சி என்று. பன்னும் டீயும்தான் சாப்பாடு. அடுப்பில் சிலந்தி வலை கட்டியிருந்தது, அதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன், துடைக்கவில்லை.

வெங்காயம் உரிக்க வேண்டும். புளியை முதலில் ஊறப்போட்டுவிட்டேன், அது ஊறிவிட்டது, கரைத்து வடிகட்டி ஜன்னல் திட்டில் வைத்துத் தட்டுப் போட்டு மூடினேன், காக்கா வாய் வைத்துவிடும். நெத்திலிக் குழம்புக்கு வெங்காயம் சின்னதாக இருக்க வேண்டும். ரெபேக்கா முதல் நாள் வந்தது இப்படி ஒரு மத்தியானத்தில்தான், நல்ல வெயில். கதவைத் தட்டி, “யக்கா, நான் டிரஸ்ட்லேர்ந்து வரேன்” என்றாள், திறந்தேன், கையில் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. வெள்ளம் வந்தபோது லாரியில் நின்றுகொண்டு ரொட்டி வீசினார்களே, அந்தக் கை ஞாபகம் வந்ததா, இல்லை என் வாய் என்னைக் கேட்காமல் ஊறியதே, அதுதான் கோபமா. முகத்துக்கு நேரே சாத்தினேன். சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து, பாக்கெட்டை வெளியே வைத்துவிட்டுப் போயிருப்பாளா என்று கதவு இடுக்கில் பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். வைக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்காக ஒரு கோபம்.

அடுத்த புதன்கிழமை வெறுங்கையோடு வந்தாள், நான் திறக்கவில்லை. போய்விடுவாள் என்று பார்த்தால் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்து, கதவோடு பேச ஆரம்பித்தாள். நலமா என்று கேட்கவில்லை, என்ன கஷ்டம் என்று கேட்கவில்லை. “இன்னிக்கி கருவாட்டுக் கொயம்பு வெச்சேங்கா. உப்பு அள்ளிப் போட்டுட்டேன், வாயில வெக்க முடியல” என்றாள். நான் உள்ளே பாயில் படுத்திருந்தேன். கருவாட்டுக்கு எவளாவது உப்பை அள்ளிப் போடுவாளா. புரண்டு படுத்தேன். அது மனசிலேயே கிடந்தது, வாரம் முழுக்க. வேறு எதுவும் நிற்காத மனசில் அந்த உப்பு நின்றது. அதற்கடுத்த புதன் வந்து, “நீ இன்னாக்கா கொயம்பு?” என்று கதவைக் கேட்டாள், நான் வாயைத் திறந்து, “வஞ்சிரம்” என்றேன். வீட்டில் உப்பைத் தவிர ஒன்றும் கிடையாது, வஞ்சிரமாம். ரெபேக்கா சிரிக்கவில்லை, “பெரிய எடம்தான் போ” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அந்தச் சத்தம், அவள் செருப்பு படியில் அடித்துக்கொண்டு இறங்குகிற சத்தம், நான் எழுந்து கதவில் காதை வைத்துக் கடைசிப் படி வரைக்கும் கேட்டேன். பிறகு ஒரு புதன், “நெத்திலிக் கருவாடுக்கா, கொதிக்கச் சொல்ல கரண்டிய வுட்டுக் கிண்டிக்கினே இருந்தேனா, எறக்கிப் பாத்தா கருவாட்டயே காணோம்” என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன், தாழ்ப்பாளை இழுத்தேன், தலைவிரிகோலமாக வாசலில் நின்று, “நெத்திலிய ஏண்டி கிண்டனே? கரண்டி போடுவாங்களா அதுல? சட்டியப் புடிச்சி ஒரு ஆட்டு ஆட்டணும், உங்கம்மா இன்னாதான் சொல்லிக் குட்த்தா?” என்று கத்தினேன். ரெபேக்கா படியில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தாள். “எங்கம்மா நான் சின்னப் புள்ளையா இருக்கச் சொல்லவே பூட்டாங்கக்கா” என்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது.

அதற்குப் பிறகு புதன்கிழமை தவறாமல் வந்தாள். என் வாழ்க்கையில் ஏங்குகிற மாதிரி ஒரு வருஷம் எது என்று யாராவது கேட்டால், கல்யாணமான வருஷத்தைச் சொல்ல வேண்டும், மகள் பிறந்த வருஷத்தைச் சொல்ல வேண்டும். நான் சொல்வது அந்த வருஷம், தலை சீவாமல் பன் தின்று கிடந்த வருஷம். சொன்னால் பைத்தியம் என்பார்கள். வாரத்தில் ஆறு நாள் நரகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏழாவது நாள் ஒருத்தி எனக்காகவே, எனக்காக மட்டுமே, படியேறி வந்தாள். அதற்கு முன்னால் அப்படி யார் வந்தார்கள் எனக்கு. என் பெயரைச் சொல்லி வந்தவர்கள் எல்லாம் பாத்திரத்துக்கும் துணிக்கும் வந்தவர்கள். ரெபேக்கா வாசற்படியில் உட்காருவாள், உள்ளே வா என்று நான் கூப்பிடாமல் வர மாட்டாள், நான் கூப்பிட மாட்டேன், கூப்பிட்டால் அடுப்படி தெரிந்துவிடும். “இன்னாக்கா கொயம்பு?” என்பாள். நான் பொய் சொல்வேன். காரப்பொடி மீன், சென்னாக்குன்னி இறால், முருங்கைக்காய் போட்ட மாங்காய்க் குழம்பு. போன வாரம் சொன்னதை இந்த வாரம் சொல்லக் கூடாதே, அதனால் செவ்வாய்க்கிழமையே யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். அவள் விடமாட்டாள், “தேங்கா அரச்சியா, கடசில தாளிச்சியா” என்று நோண்டுவாள், அதற்குப் பதில் வேண்டும். அதனால் பாயில் படுத்தபடியே மனசுக்குள் அம்மி போட்டு அரைப்பேன், வெந்தயம் சிவந்துவிட்டதா என்று பார்ப்பேன், புளி பழசா புதுசா, மாங்காய் எந்த மரத்து மாங்காய். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இப்படி மனசுக்குள் பூண்டு வதக்கிக்கொண்டிருக்கும்போது பசித்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு நிஜமான பசி, வயிற்றைக் கையால் பிடித்துக்கொள்கிற பசி. எழுந்து சிலந்தி வலையைத் துடைத்தேன். மறுநாள் அவள் கேட்டபோது, “ரசம்” என்றேன். “ரசம் மட்டுந்தானா?” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள், மூக்கைத் தூக்கி வாசம் பிடித்தாள். “உள்ள வா” என்றேன். தரையில் உட்கார்ந்து, டிரஸ்ட் விதியை எல்லாம் காற்றில் விட்டு, மூன்று தரம் ரசம் வாங்கிக் குடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர். மிளகு ஜாஸ்தி என்றாள். மிளகெல்லாம் ஜாஸ்தி இல்லை.

எண்ணெய் காய்ந்துவிட்டது. வெங்காயம், கறிவேப்பிலை, தக்காளி. பூனை போய்விட்டது. வருஷம் முடிந்த அன்று டிரஸ்டில் கேசரி கொடுத்தார்கள். ரெபேக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அடுத்த புதன் நாலு மணிக்குத் தலை சீவிப் பூ வைத்து வாசலில் உட்கார்ந்துவிட்டேன், வர மாட்டாள் என்று தெரியும், இருந்தாலும். இப்போது அவள் வேறு கட்டடத்தில் வேறு ஒருத்திக்குப் போகிறாள். ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்த்தேன், ஒரு வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், என்னோடு சிரித்த அதே சிரிப்பு. வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் டங் டங்கென்று வைத்தேன். நாற்பத்தாறு வயசில் எனக்கு வந்த பொறாமையை யாரிடம் சொல்வது. அதனால்தான் கௌசல்யா மேடம், “நீங்க வழித்துணையா வரீங்களா?” என்று கேட்டதும் சரி என்றேன். சேவை மனப்பான்மை என்று மேடம் மீட்டிங்கில் என்னைப் புகழ்ந்தார். ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. மாசத்துக்கு ஒரு தரம் வழித்துணைகள் எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள், அங்கே ரெபேக்கா இருப்பாள், பக்கத்தில் பாயில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். பொற்கொடி கதவைத் திறக்காவிட்டால் அந்த இடம் போய்விடும். முதல் வாரம் நான் மாடியேறியது அந்தப் பாய்க்காகத்தான், பொற்கொடிக்காக இல்லை. இதைத் தெரிந்துதான் அவள் திறக்கவில்லையோ என்றுகூட ராத்திரி படுக்கும்போது தோன்றியது.

மிளகாய்த்தூளைப் போட்டேன், மசாலாக் கிண்ணத்தை அலசி அந்தத் தண்ணீரை ஊற்றினேன், கொதிக்கட்டும். இன்றைக்கு என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன். ரெபேக்கா எனக்குச் செய்ததை நான் பொற்கொடிக்குச் செய்வேன், தப்பான குழம்பு ஒன்று சொல்வேன், அவள் பொறுக்க முடியாமல் திறப்பாள். ஏனென்றால் ரெபேக்கா சொன்ன தப்பெல்லாம் வேண்டுமென்றே சொன்னது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் கோழிக் குழம்பு சாப்பிட்டேனே, அப்படி ஒரு குழம்பை என் கையாலும் வைக்க முடியாது. அப்படிப்பட்டவளா கருவாட்டுக்கு உப்பை அள்ளிப் போடுவாள். “நீ என்ன ஏமாத்தித்தானே தொறக்க வெச்சே?” என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன். “போக்கா, எனக்கு அவ்ளோ ஆக்டிங் வருமா?” என்று சிரித்தாள். வரும், வரும், கெட்டிக்காரி. எனக்குத்தான் வரவில்லை. போன வாரம் ஒரு பொய்த் தப்பைச் சொல்லிப் பார்த்தேன், “மீன் கொயம்புல...” என்று ஆரம்பித்து, என்ன தப்புச் சொல்வது என்று வாய் நின்றுவிட்டது. இருபத்தைந்து வருஷமாகச் சமைத்த கை இது, நான் ருசிகூடப் பார்க்க மாட்டேன், இறக்கினால் இறக்கினதுதான். தப்பாக வைத்தேன் என்று சொல்ல நாக்குக்குக் கூச்சமாக இருக்கிறது. சர்க்கரை போட்டுவிட்டேன் என்று சொல்லலாமா. நம்ப மாட்டாள். தீய்ந்துவிட்டது என்றால், அது எல்லார் வீட்டிலும் தீயும். கொதி வந்துவிட்டது, நெத்திலியை விட்டேன், சட்டியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன், கொஞ்ச நேரம் வைத்து அணைத்தேன். முகம் கழுவிப் புடவை மாற்றினேன். தீய்ந்துவிட்டது என்றே சொல்லிவிடலாமா.

லிஃப்ட் வேலை செய்யவில்லை, அது வேலை செய்தால்தான் செய்தி. படியேறுகிறேன். ஐந்தாவது மாடி நடைபாதையில் நின்று மூச்சு வாங்கும்போது மேலே பார்த்தேன், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பொற்கொடியின் கொடியில் துணி அப்படியே தொங்குகிறது. சனிக்கிழமை மழை பெய்ததே, அதற்கும் முன்னால் போட்ட துணி. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, ஒரு பச்சைப் பாவாடை, குழந்தைச் சட்டை ஒன்று. குழந்தையை அவள் அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டாள், புருஷன் அதற்கும் முன்னாலேயே போய்விட்டான், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்தத் துணியைத்தான் பார்க்கிறேன், நேற்றும் பார்த்தேன், இன்றைக்குக் காலையிலும். எல்லாரும் சொல்கிறார்கள், காயப்போட்ட துணியை எடுக்கக்கூட வணங்காத உடம்பு என்று. எனக்குத் தோன்றுவது வேறு. கொடிக்குத் துணி எடுக்க வந்தால் கீழே பார்க்க வேண்டியிருக்கும், அது ஏழாவது மாடி. நானும் ஒரு நாள், ரெபேக்கா வருவதற்கு முந்தின காலம், மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றேன். கீழே இருந்து யாரோ, “தண்ணி லாரி வந்துச்சா?” என்று கேட்டார்கள், வரவில்லை என்று பதில் சொன்னேன், பதில் சொன்னதால் உள்ளே போனேன். இதை ரெபேக்காவிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு கேள்விதான். பொற்கொடி துணி எடுக்காமல் இருப்பது நல்லதுதான், கொடிப் பக்கம் வராமலே இருக்கட்டும். இல்லை, எடுக்க வேண்டும், அவள் எடுக்க வேண்டும். பாயும் வேண்டாம், மீட்டிங்கும் வேண்டாம், ரெபேக்கா எவளோடு வேண்டுமானாலும் சிரிக்கட்டும், இந்தப் பெண் இன்றைக்கு ஒரு வார்த்தை பேசினால் போதும். மாரியாத்தா, எனக்கு வாய் வரட்டும்.

தட்டினேன். ஃபேன் சத்தம். கதவுக்குக் கீழே வெளிச்சக் கோடு, அதில் நிழல் வந்து நின்றது, நகரவில்லை. “பொற்கொடி, நான் மூணாவது மாடி தேசம்மா” என்றேன். கைக்கு இடம் தெரியவில்லை, பின்னால் கட்டினேன், முன்னால் கொண்டுவந்தேன், கடைசியில் படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். கையில் நெத்திலி வாசம். சோப்புப் போட்டும் போகவில்லை. “இன்னிக்கி நெத்திலிக் கொயம்பு வெச்சேன்” என்றேன். சரி, இப்போது தப்பைச் சொல்ல வேண்டும், தீய்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், வாயை எடுத்தேன், வரவில்லை. சரி, வைத்ததை வைத்தபடி சொல்லிக்கொண்டு போவோம், எங்காவது ஒரு தப்பைச் சொருகலாம் என்று, “மொதல்ல வெங்காயம் வதக்கினேன், அப்புறம் தக்காளி, அப்புறம் மொளகாத்தூளு, அப்புறம் தண்ணி ஊத்தினேன், கொதி வந்ததும் மீன வுட்டேன்” என்றேன். சொல்லிவிட்டு நின்றேன். ஏதோ இடித்தது. மறுபடி மனசுக்குள் அடுப்பிலிருந்து ஆரம்பித்தேன். வெங்காயம், தக்காளி, தூள், கிண்ணம் அலசின தண்ணீர், மீன். ஜன்னல் திட்டு. தட்டுப் போட்டு மூடின கிண்ணம். “ஐயோ, புளி ஊத்தலடி” என்றேன், கதவிடம் இல்லை, யாரிடமும் இல்லை, வாய் தானாகச் சொன்னது. “கரச்சி வெச்சேன், வடிகட்டி வெச்சேன், மூடி வெச்சேன், ஊத்தாமயே எறக்கிட்டு வந்துட்டேன். இத்தினி வருசத்துல ஒரு நாள்கூட இப்டி ஆனதில்ல.”

அவமானமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் கண்ணும் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷக் கை. ஏழாவது மாடியில் இருக்கிற ஒருத்தியை நினைத்துக்கொண்டே சமைத்ததில் போன புளி. அப்போதுதான் எனக்கு ரெபேக்காவின் உப்பு புரிந்தது. கோழிக் குழம்பு அப்படி வைக்கிறவள் கருவாட்டுக்கு உப்பை அள்ளிப் போட்டாள், கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள், எல்லாம் புதன்கிழமைகளில், எல்லாம் மூன்றாவது மாடியில் சாத்தின ஒரு கதவை நினைத்துக்கொண்டு. ஆக்டிங் வராது என்றாளே, நிஜமாகவே வராது அவளுக்கு. எனக்காக அவள் வீட்டில் எத்தனை குழம்பு கெட்டதோ, புருஷன் என்ன சொன்னானோ, ஒரு வார்த்தை சொல்லவில்லை, கெட்ட குழம்பை மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் அவளைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவி, என்னைப் போலவே நடுங்கிக்கொண்டு படியேறியிருக்கிறாள். ரெபேக்காவை இவ்வளவு நாள் தேடியதில் இப்போதுதான் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“மீன் போட்டாச்சா?”

எனக்கு முதலில் புரியவில்லை, படிக்கட்டில் யாரோ கேட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது, பேசிப் பல நாளான குரல், பாதி காற்று. “போட்டுட்டேன்” என்றேன். அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அசைந்தால் போய்விடும் போல் இருந்தது.

“புளியப் பச்சயா ஊத்தாத. வாட அடிக்கும்” என்றாள் பொற்கொடி. “தனியா ஒரு கிண்ணத்துல கொதிக்க வெச்சி ஊத்து. கரண்டி போட்டுக் கிண்டிடாத, நெத்திலி ஒடஞ்சிப் பூடும். சட்டியப் புடிச்சி ஆட்டு.”

எனக்கா. நெத்திலிச் சட்டியை ஆட்டுவது எப்படி என்று எனக்கா சொல்கிறாள். இதே வார்த்தையை இதே மாதிரிப் படியில் நின்று நான் கத்தியிருக்கிறேன். வாயில் வந்ததை அப்படியே விழுங்கினேன். “அப்டியா?” என்றேன். “எனக்குத் தோணவே இல்ல பாரு.”

“சூட்டோட ஊத்தணும். ஆறிட்டா ஒட்டாது” என்றாள்.

“சரி, போய் ஊத்தறேன்” என்று எழுந்தேன். நாலு படி இறங்கியிருப்பேன்.

“யக்கா” என்றது கதவு. “ஊத்திட்டு எப்டி கீதுன்னு வந்து சொல்லு.”

வரேன் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, ஞாபகமில்லை, கால் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறாவது மாடித் திருப்பத்தில் மேலே தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டது, கதவு கொஞ்சம் முனகியது, அதற்கப்புறம் நடைபாதைக் கொடியில் கிளிப் ஒவ்வொன்றாகக் கழற்றுகிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டி ஆறுவதற்குள் புளி ஊற்றியாக வேண்டும்.